"90 சதவீதம் முடிந்தது" என்றால் என்ன முடிந்தது? கடைக்குப் புது மென்பொருள் போடும்போது முன்னேற்றத்தையும் தடங்கலையும் கணக்கு வைப்பது பற்றி

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாண நகரில் தலைமைக் கடை, சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கிளை, கட்டடப் பொருள் வியாபாரம். பழைய பில் போடும் மென்பொருள், எக்செல், கடன் கொப்பி எல்லாவற்றையும் விட்டு, இருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாம் ஒன்றாக ஓடுகிற புது மென்பொருளுக்கு மாறத் தொடங்கி ஏழு மாதம். கொழும்பிலிருந்து செய்து தருகிற கொம்பனி மூன்று மாதமாக "90 சதவீதம் முடிந்தது" என்கிறது, முதலாளி உங்களிடம் "எப்ப முடியும்?" என்று கேட்கிறார், கிளைகளில் இருப்பவர்கள் இன்னும் கொப்பியில்தான் எழுதுகிறார்கள். முன்னேற்றத்தை எப்படி அளப்பது, தடங்கல்களை எங்கே எப்படி எழுதி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையைப் பல இடங்களில் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சதவீதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அந்தக் கொம்பனிப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் நம்புவதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணுவது செய்து முடித்த திரைகளையும் அறிக்கைகளையும். நீங்கள் எண்ண வேண்டியது உங்கள் கடையில் நடக்கிற வேலைகளை. வீடு கட்டினவர்களுக்கு இது தெரியும்: சுவர் எழும்பிக் கூரையும் போட்டவுடன் முக்கால்வாசி முடிந்த மாதிரி இருக்கும், பிறகு பூச்சு, வயறிங், குழாய், கதவு என்று அதே அளவு காலம் போகும். மென்பொருளிலும் கண்ணுக்குத் தெரிகிற பகுதி கெதியாக வந்துவிடும், கணக்கு ஒத்துப்போகிற பகுதிதான் இழுக்கும்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடையில் நில்லுங்கள். காலையில் சீமெந்து லொறி வருகிறது, மூட்டைகளை எண்ணுகிறார்கள், கிழிந்ததைத் தனியே வைக்கிறார்கள், குறைவு இருந்தால் சாரதியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு ஒப்பந்தகாரர் கடனுக்கு எடுக்கிறார், பாதிச் சாமான் இன்றைக்கு, மீதி வெள்ளிக்கிழமை. போன கிழமை வாங்கின பெயின்ற் வாளியை ஒருவர் நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார். சுன்னாகத்தில் 16 மில்லிமீற்றர் கம்பி முடிந்துவிட்டதால் இங்கிருந்து போகிறது. ஒருவர் பின்திகதியிட்ட காசோலை தருகிறார், இன்னொருவருடைய காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. மத்தியானம் விலை மாறுகிறது. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ள ஒருவர் வற் பில் கேட்கிறார். மாலையில் காசுப்பெட்டியை எண்ணி நாளை முடிக்கிறார்கள். மாதக் கடைசியில் சம்பளம், அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3. இப்படி எழுதிக்கொண்டு போனால் உங்கள் மாதிரிக் கடைக்கு நாற்பது, ஐம்பது வேலை வரும். அதுதான் உங்கள் பட்டியல். ஒப்பந்தத்தில் இருக்கிற "இருப்புப் பகுதி", "விற்பனைப் பகுதி" என்ற தலைப்புகளை வைத்து நீங்கள் எதையும் அளக்க முடியாது, ஏனென்றால் அந்தத் தலைப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓடுகிற வேலையும் இருக்கும், ஓடாத வேலையும் இருக்கும்.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் நாலு நிலை வையுங்கள். தொடவில்லை. கொம்பனிக்காரர் தங்கள் மாதிரித் தரவில் செய்து காட்டினார். எங்கள் ஆள், எங்கள் தரவை வைத்து, பக்கத்தில் ஒருவர் உதவ, செய்தார். எங்கள் ஆள் ஒரு சாதாரண வேலை நாளில் யாருடைய உதவியும் இல்லாமல் செய்தார், கணக்கும் பழையதோடு ஒத்துப்போனது. இந்த நாலாவது மட்டும்தான் முடிந்தது. மூன்றாவதுக்கு முக்கால் புள்ளி, இரண்டாவதுக்கு அரைப் புள்ளி என்று கொடுக்காதீர்கள், அங்கிருந்துதான் மறுபடி 90 சதவீதம் பிறக்கும். பெரிய திட்டங்களில் "ஈட்டிய மதிப்பு" என்று ஒரு அளவீட்டு முறை இருக்கிறது, 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் ஒப்பந்தகாரர்களுக்கு விதித்த விதிகளிலிருந்து வளர்ந்தது. அதிலும் குறுகிய வேலைகளுக்கு 0 அல்லது 100, நடுவில் ஒன்றும் இல்லை என்ற விதியைப் பயன்படுத்துவார்கள். ஒரு கிழமைக்குள் முடியக்கூடிய அளவுக்கு வேலையைச் சின்னதாக உடைத்தால் அந்த விதி உங்களுக்கும் அப்படியே பொருந்தும். சம்பளத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஒரு முழு மாதச் சம்பளம் புது மென்பொருளில் போட்டு, பழைய முறையில் போட்டதோடு ஒவ்வொரு ஊழியருக்கும் ரூபாய் சதம் வரை ஒத்துப்போகும் வரைக்கும் அது 0தான்.

இப்படி எண்ணினால் முதல் கிழமை உங்களுக்குப் பயமாக இருக்கும். நாற்பத்தைந்து வேலையில் ஆறோ ஏழோதான் உண்மையில் முடிந்திருக்கும். அதைக் குறைக்காமல் முதலாளியிடம் காட்டுங்கள். அடுத்த கிழமை அது ஒன்பதாகும், அதற்கடுத்த கிழமை பதின்மூன்றாகும், அப்போதுதான் "எப்ப முடியும்?" என்ற கேள்விக்கு ஒரு திகதியோடு பதில் சொல்லக்கூடிய நிலை வரும். கிழமைக்கு எத்தனை வேலை நாலாவது நிலைக்குப் போகிறது என்ற வேகம் தெரிந்தால் மீதிக்கு எத்தனை கிழமை என்று நீங்களே கணக்குப் போடலாம். வேகம் மூன்று கிழமை தொடர்ந்து விழுந்தால் எங்கேயோ ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பது தரவு. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இது வெளியிலிருந்து வருகிற கொம்பனிகளுக்கு விளங்காத ஒன்று. உங்கள் பழைய எக்செல் கோப்புகளில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்திருந்தால் அனேகமாகப் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை, அதற்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடுகள், எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்படியே புது மென்பொருளுக்குள் ஏற்றினால் பெயர்கள் எல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக வரும். மாற்றித் தருகிற கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே கலத்தில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலப் பகுதியையும் சேர்த்துச் சிதைத்துவிடும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிறகு தேசிய அடையாள அட்டை இலக்கம். 2016இலிருந்து 12 இலக்கம், அதற்கு முன்னர் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும். ஒரே ஒப்பந்தகாரர் ஒரு கிளையில் பழைய இலக்கத்திலும் இன்னொரு கிளையில் புது இலக்கத்திலும் பதியப்பட்டிருந்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார், கடன் எல்லையும் இரண்டு மடங்காகிவிடும். பழையதைப் புதியதாக மாற்றுவது கடினமில்லை, முன்னுக்கு 19 போட்டு, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. இதை ஏற்றுவதற்கு முன்னரே எல்லாப் பதிவுக்கும் செய்துவிட்டு இரட்டைகளைத் தேடுங்கள். எங்கள் பெயர் முறையில் தலைப்பெழுத்து ஒரு கிளையில் ஒன்று, மற்றக் கிளையில் இரண்டு என்று எழுதுவார்கள், ஆகவே பெயரை நம்பி இரட்டையைப் பிடிக்க முடியாது.

கட்டடப் பொருளில் இன்னொரு சிக்கல் அலகு. சீமெந்து பிரச்சினை இல்லை, 50 கிலோ மூட்டை, மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்கிறீர்கள். கம்பி அப்படி இல்லை. நிறையில் வாங்குகிறீர்கள், நீளத்தில் விற்கிறீர்கள். விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 0.89. ஆனால் உண்மைக் கம்பி அந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும், அதனால் ஒவ்வொரு மாதமும் இருப்பில் ஒரு வித்தியாசம் விழும். மென்பொருளில் பிழை என்று நினைத்துக் கொம்பனிக்காரரோடு மாதக்கணக்கில் சண்டை பிடித்த ஒரு கடையை எனக்குத் தெரியும், எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்வது என்று ஒரு எல்லையை முதலாளி சொன்ன அன்றைக்கே அது முடிந்தது.

தரவுக்கு முன்னேற்றம் எழுதுவதும் இலேசு. ஒவ்வொரு மூலத்துக்கும், அதாவது வாடிக்கையாளர், சாமான், கடன் நிலுவை, வழங்குநருக்குக் கொடுக்க வேண்டியது, இருப்பு ஆகியவற்றுக்கு, எத்தனை பதிவு இருந்தது, எத்தனை சுத்தப்படுத்தியாயிற்று, எத்தனை ஏறியது என்று மூன்று எண். அதோடு ஒரு மொத்தத் தொகை. குறித்த ஒரு நாளில் பழைய கொப்பிகளின்படி வெளியில் நிற்கிற கடன் மொத்தம் எவ்வளவோ அதே தொகை புது மென்பொருளிலும் வர வேண்டும். பதிவு எண்ணிக்கை ஒத்துப்போய்த் தொகை ஒத்துப்போகாவிட்டால் ஏற்றியது செல்லாது.

சரி, தடங்கலுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் முன்னேற்றத்தை எல்லோரும் எழுதுவார்கள், தடங்கலை வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு கிழமையில் அதற்கு மேல் நூறு செய்தி வந்துவிடும், யாரும் தேடமாட்டார்கள். வட்ஸ்அப் குழு இருக்கட்டும், அவசரத்துக்கு அது நல்லது, ஆனால் அங்கே வருகிற ஒவ்வொரு தடங்கலையும் நீங்கள் அன்றைக்கே ஒரு பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும். கூகிள் ஷீட் ஒன்று போதும், பணம் கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒரே ஒரு பதிவேடு, மூன்று கடைக்கும் கொம்பனிக்கும் பொதுவானது. இல்லாவிட்டால் கொம்பனி தன்னிடம் ஒன்று வைத்திருக்கும், நீங்கள் ஒன்று வைத்திருப்பீர்கள், இரண்டிலும் எண்ணிக்கை வேறு வேறாக இருக்கும், கூட்டத்தின் முதல் அரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும்.

அதில் என்ன எழுதுவது? என்றைக்கு, யார் கண்டது, என்ன செய்யப் போனபோது, என்ன நடந்தது, எந்த பில், எத்தனை ரூபாய். "பில் பிழையாக வருகிறது" என்று எழுதினால் கொழும்பில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "சாவகச்சேரி, பாதி விநியோகம் செய்த கடன் பில்லில் மீதியை வெள்ளிக்கிழமை கொடுக்கும்போது இருப்பு இரண்டு தரம் குறைகிறது, பில் இலக்கம் இது, சாமான் இது" என்று எழுதினால் அவர் அதே நாளில் செய்து பார்க்கலாம். பிறகு, இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கிறோம், யார் திருத்துகிறார், எப்போது தருவதாகச் சொன்னார். அந்தத் திகதி தவறினால் அதை அழித்துவிட்டுப் புதுத் திகதி போடாதீர்கள். பழையதை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ஒரு தடங்கலுக்கு நாலு திகதி வரிசையாக நின்றால் அதைப் பற்றி நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை, கூட்டத்தில் அந்த வரியைத் திரையில் காட்டினால் போதும். முழுத் திட்டத்தின் முடிவுத் திகதிக்கும் இதே விதி. முதலில் சொன்ன திகதி பக்கத்தின் மேலே கடைசி வரைக்கும் இருக்கட்டும்.

தீர்ந்தது என்று மூடுகிற உரிமை திருத்தினவருக்கு இல்லை, கண்டுபிடித்தவருக்குத்தான். சாவகச்சேரியில் பில் போடுகிற பிள்ளை மறுபடி செய்து பார்த்து "இப்ப சரி" என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். உண்மையான ஆட்கள் உண்மையான தரவில் செய்து பார்க்கத் தொடங்கும்போது தடங்கல் எண்ணிக்கை ஏறும், ஏறத்தான் வேண்டும். ஏழு மாதத் திட்டத்தில் பத்துத் தடங்கல்தான் பதிவாகியிருக்கிறது என்றால் யாரும் செய்து பார்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் பார்க்க வேண்டியது வயது. திறந்த நிலையில் இருப்பவற்றில் மூன்று கிழமைக்கு மேல் எத்தனை? காசைத் தொடுகிற தடங்கல், இருப்பைத் தொடுகிற தடங்கல், அறிக்கையின் அழகைத் தொடுகிற தடங்கல் என்று பிரித்து, முதல் இரண்டில் பழையது எது என்று ஒவ்வொரு கிழமையும் மேலே கொண்டுவாருங்கள்.

பதிவேட்டில் இருக்கிற பிழையை ஆட்களிடமிருந்து மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனில் உறவினர் இருக்கிற யாருக்கும் தெரிந்த ஒரு கொடுமை இருக்கிறது. பிரித்தானியத் தபால் நிலையங்களுக்கு 1999இலிருந்து போடப்பட்ட ஹொரைசன் என்ற மென்பொருள், ஃபுஜிற்சு கொம்பனியுடையது. உண்மையில் இல்லாத பற்றாக்குறையைக் கணக்கில் காட்டியது. நிலையத்தை நடத்தினவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை, கணக்கு பிழை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஃபுஜிற்சுவிடம் அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு ஒன்று இருந்தது, ஆனால் வழக்கில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, கணக்கு மோசடி என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், சிறைக்குப் போனவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில்தான், தீர்ப்புகளை மொத்தமாக நீக்கச் சட்டம் வந்தது 2024இல். உங்கள் கடையில் யாரும் சிறைக்குப் போகப் போவதில்லை, ஆனால் மாலை காசுப்பெட்டியில் ரூபாய் 4,000 குறைந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். புது மென்பொருள் ஓடுகிற முதல் மாதங்களில் காசு வித்தியாசத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிப்பதில்லை, முதலில் பதிவேட்டில் எழுதி ஆராய்வது என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். அது இல்லாவிட்டால் அவர்கள் வித்தியாசத்தைத் தங்கள் கைக்காசு போட்டு மூடிவிடுவார்கள், உங்களுக்குப் பிழை தெரியவே வராது.

தடங்கல் எல்லாம் மென்பொருளின் பிழை என்றும் நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டில் ஒரு பத்தி வைத்து எந்த வகை என்று எழுதுங்கள்: செய்கிறேன் என்று சொன்னது வேலை செய்யவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாததை நாங்கள் இப்போது கேட்கிறோம், எங்கள் பக்கம் முடிவு எடுக்கவில்லை, ஆளுக்குப் பழக்கம் போதவில்லை, வெளியிலிருந்து வந்தது. முதல் இரண்டுக்கும் இடையில்தான் கொம்பனியோடு காசுச் சண்டை வரும், அதனால் ஒப்பந்தத்தையும் கூட்டக் குறிப்பையும் பார்த்து அன்றைக்கே வகைப்படுத்துங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெளியிலிருந்து வருவதற்கு உதாரணம் வற். 2024 ஜனவரி 1ஆம் திகதி 15இலிருந்து 18 சதவீதமாயிற்று. அந்த நேரம் மாற்றத்தின் நடுவில் நின்ற கடைகள் வீதத்தை மாற்றினால் போதும் என்று நினைத்தன. ஆனால் டிசம்பரில் 15இல் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் எந்த வீதத்தில் கழிப்பது என்ற கேள்வி வந்தது. வீதத்தைத் திகதியோடு சேர்த்து வைக்காத மென்பொருள்கள் அங்கே திணறின. இப்படியானதைக் கொம்பனியின் தாமதம் என்றும் எழுத முடியாது, உங்கள் தாமதம் என்றும் எழுத முடியாது, ஆனால் எத்தனை நாள் போனது என்று எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் எடுக்காத முடிவு என்று சொன்னேனே, எங்கள் ஊர்க் கடைகளில் மிக நீளமான தாமதம் அங்கேதான் ஒளிந்திருக்கும். யாருக்கு எவ்வளவு கடன், கிளையில் விலை குறைக்க யாருக்கு அதிகாரம், உறவினருக்குக் கொடுக்கிற விலையை எப்படிப் பதிவது, இதெல்லாம் இதுவரை முதலாளியின் மனதில் இருந்தது. மென்பொருள் அதை எழுதச் சொல்கிறது, அவர் "பிறகு பார்ப்பம்" என்கிறார், கொம்பனிக்காரர் காத்திருக்கிறார், அறிக்கையில் மட்டும் "கொம்பனி தாமதம்" என்று போகிறது. முடிவுகளுக்கும் தனித் தாள் வையுங்கள். கேட்ட திகதி, பதில் வந்த திகதி. முதலாளிக்கு அது வலிக்கும், மரியாதையோடு, தனியே, முதலில் அவரிடம் மட்டும் காட்டுங்கள். "ஐயா, இந்த ஐந்துக்கும் உங்கட ஒரு சொல் காணும், பன்னிரண்டு வேலை நகரும்" என்று சொன்னால் அநேகமாக அன்றைக்கே கிடைக்கும். கூட்டத்தில் கொம்பனிக்காரருக்கு முன்னால் காட்டினால் கிடைக்காது.

ஆட்கள் போவதும் தடங்கல்தான், அதையும் எழுதுங்கள். நன்றாகப் பழகின ஒருவர் கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் அந்தக் கிளையில் நாலாவது நிலையில் இருந்த வேலைகள் மூன்றாவதுக்கு இறங்கும். இறக்கிக் காட்டுங்கள். எண்ணிக்கை பின்னால் போவது வெட்கமில்லை, அது அந்தக் கிளைக்கு இன்னொருவரைப் பழக்க வேண்டும் என்று சொல்கிறது. கிளைகளில் இன்னும் கொப்பி ஓடுகிறது என்று குறைபட்டிருந்தீர்கள். அந்தக் கொப்பியைப் பறிக்க வேண்டாம், அதைவிட நம்பகமான அளவுகோல் உங்களிடம் வேறில்லை. ஒவ்வொரு கிழமையும் எத்தனை வரி கொப்பியில் எழுதப்பட்டது, எந்த வகை வேலை என்று பாருங்கள். மென்பொருளில் செய்ய முடியாதது, அல்லது செய்ய அதிக நேரம் எடுப்பது, அங்கேதான் இருக்கும். வரிசையில் ஆள் நிற்கும்போது ஒரு பில்லுக்கு எட்டுத் திரை மாற வேண்டியிருந்தால் யார்தான் கொப்பியை எடுக்கமாட்டார்கள்? ஏசினால் கொப்பி மேசைக்குக் கீழே போகும், அவ்வளவுதான்.

கூட்டம் கிழமைக்கு ஒன்று, அரை மணித்தியாலம் போதும். அறிக்கை வாசிக்க விடாதீர்கள். இந்தக் கிழமை நாலாவது நிலைக்கு வந்ததாகச் சொல்கிற வேலையைக் கிளையில் இருக்கிற ஒருவர் திரையைப் பகிர்ந்து செய்து காட்டட்டும், மீதி நேரம் வயது கூடிய தடங்கல்களுக்கு. முதலாளிக்குப் போவது ஒரே பக்கம்: முதல் சொன்ன திகதியும் இப்போது எதிர்பார்க்கிற திகதியும், முடிந்த வேலை எத்தனையில் எத்தனை, தரவின் மூன்று எண்கள், காசையும் இருப்பையும் தொடுகிற பழைய தடங்கல் மூன்று, அவரிடமிருந்து வேண்டிய முடிவுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை போட விரும்பினால் எது சிவப்பு என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள், அந்தந்த நேரத்து மனநிலையில் நிறம் போட்டால் எல்லாம் மஞ்சளாகவே இருக்கும்.

மாறுகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்தங்கின திட்டங்களில் நடக்கிற மோசமான விசயம், தள்ளித் தள்ளிக் கடைசியில் வியாபாரம் உச்சத்தில் நிற்கிற கிழமையில் கொண்டுபோய் விடுவது. அமெரிக்காவின் ஹெர்ஷி சொக்கிலேற் கொம்பனி இப்படித்தான் வசந்த காலத்தில் மாறுவதாக இருந்து, தவறி, 1999 ஜூலையில் மாறியது. ஒக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிற ஹலோவீன் பண்டிகைக்கு ஓடர்கள் குவிகிற நேரம். களஞ்சியத்தில் சாமான் இருந்தும் அனுப்ப முடியாமல் ஏறக்குறைய 10 கோடி டொலர் ஓடர் தவறியது. உங்களுக்குக் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது என்று அந்த நாளையே பிடிப்பார்கள், ஆனால் இரண்டு கிழமையில் புதுவருசம், ஆட்கள் லீவில் போவார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீடு திருத்துகிற காலமும் சேர்ந்து வரும், அப்போதும் வேண்டாம். எங்களுக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, கட்டட வேலை படுத்துவிடும், உங்கள் வியாபாரத்துக்கு நவம்பர்தான் ஆறுதலான மாதம். மின்சாரம் போனால் எப்படி பில் போடுவது என்பதையும் அந்தக் காலத்திலேயே செய்து பழகலாம். மூன்று கடையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், சிறிய கிளையை முதலில் மாற்றி, அங்கே ஒரு மாத முடிவு ஒத்துப்போன பிறகு மற்றது. எது நடந்தால் பழையதுக்குத் திரும்புவது என்பதையும் மாறுவதற்கு முன்னரே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அன்றைக்கு இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் நின்று அதை முடிவெடுக்க முடியாது.

உங்கள் நிலையில் நான் இந்தக் கிழமை செய்வது இதுதான். இரண்டு நாள் கடையில் நின்று வேலைப் பட்டியலை எழுதுவேன், கிளைப் பொறுப்பாளர் இருவரையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் நிலையைப் போடுவேன், வட்ஸ்அப்பில் கிடக்கிற தடங்கல்களை மூன்று மாதத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் பொறுக்கிப் பதிவேட்டில் ஏற்றுவேன். பிறகு கொம்பனிக்கு அதை அனுப்பி, அவர்களுடைய 90 சதவீதத்துக்குள் இந்த நாற்பத்தைந்தில் எவை அடங்குகின்றன என்று வரி வரியாகக் குறிக்கச் சொல்வேன். சண்டையாக வேண்டாம், அவர்களுக்கும் இது உதவும், எதை முடித்தால் தாங்கள் விடுபடலாம் என்று அவர்களுக்கும் தெளிவாகத் தெரியாமல்தான் இருக்கும். கடைசியாக, கொடுக்க வேண்டிய தவணை ஏதாவது மீதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மாதத்தோடு கட்டாமல் வேலையோடு கட்டும்படி கேளுங்கள்: சாவகச்சேரியில் ஒரு முழு மாதம் கொப்பி இல்லாமல் ஓடி, கடன் மொத்தமும் இருப்பும் ஒத்துப்போனால் ஒரு பங்கு, சம்பளம் இரண்டு மாதம் தொடர்ந்து ஒத்துப்போனால் இன்னொரு பங்கு, மூன்று கடையும் சேர்ந்து ஒரு காலாண்டு வற் அறிக்கை புது மென்பொருளிலிருந்து எடுத்தால் மீதி. ஒப்பந்தத்தில் அப்படி இல்லாவிட்டாலும் ஏழு மாதமாகியும் முடியாத நிலையில் இதற்கு ஒத்துக்கொள்கிற கொம்பனிகளை நான் பார்த்திருக்கிறேன், முதலாளியைத்தான் நீங்கள் முதலில் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும். பட்டியல் எழுதின பிறகு எந்த வேலையை எப்படி உடைப்பது என்று சந்தேகம் வந்தால் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.